பிட்யூட்டரிக் கட்டிக்குக் கரண்ட் வைத்த பிறகு வரும் வருடங்கள்

மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், வைக்கலாமா என்று தெரிந்தவர்கள் மூலமாக என் நம்பரை வாங்கிக்கொண்டு யாராவது கூப்பிடுவார்கள். முடி கொட்டுமா, வலிக்குமா, வேலைக்குப் போக முடியுமா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். அப்புறம் அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். இந்தச் சிகிச்சை என்ன கொடுத்தது, என்ன எடுத்துக்கொண்டது என்று முழுதாகத் தெரிய பத்து வருடம் ஆகும். கட்டி என்ன ஆனது என்பதை ஸ்கேன் காட்டும். சுரப்பி என்ன ஆனது என்பதை ரத்தப் பரிசோதனைதான் காட்டும். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று நினைக்கவே கூடாது.

என் கணவருக்கு 2008இல் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் 2016இல் அவர் பிழைப்பாரா என்று பயந்த ஒரு வாரம் எங்களுக்கு வந்தது. அது கட்டியால் வந்ததல்ல.

அவர் திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயதைத் தாண்டியபோது கை மரத்துப்போகத் தொடங்கியது. நாள் முழுக்கக் கம்பி சுற்றுகிற கை, மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்றார்கள். செருப்பு 8ஆம் நம்பரிலிருந்து 10க்குப் போனது. கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. குறட்டை, வியர்வை, சர்க்கரை, பிபி என்று ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு காரணமும் கிடைத்தது. சர்க்கரைக்குப் பார்த்த மருத்துவர்தான் ஒரு நாள், "கல்யாண ஆல்பம் இருந்தா அடுத்த தடவை கொண்டு வாங்கம்மா" என்றார். போட்டோவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புருவ எலும்பு, தாடை, மூக்கு, உதடு எல்லாமே தடித்திருந்தன. தினமும் பார்க்கிற எங்கள் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. வளர்ச்சி ஹார்மோன் மிகுதியைக் காட்டும் ஐஜிஎஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து, வளர்ச்சி ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். அடங்கவில்லை. எம்ஆர்ஐயில் கட்டி தெரிந்தது. நோயின் பெயர் அக்ரோமெகலி, பிட்யூட்டரிக் கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மேல் சுரப்பதால் வருவது.

பிட்யூட்டரி சுரப்பி பட்டாணி அளவுதான் இருக்கும், எடை அரை கிராம். மூளைக்குக் கீழே, மூக்குக்குப் பின்னால், எலும்பில் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும், விதைப்பைக்கும் சினைப்பைக்கும் வேலை செய்யச் சொல்லி உத்தரவு போவது இங்கிருந்துதான். நேர் மேலே பார்வை நரம்புகள் குறுக்கே போகின்றன. இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள். இந்த இடத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அக்கம்பக்கம் இப்படி இருப்பதால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியமாகிவிடுகிறது.

மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்தார்கள். ரத்தக்குழாயைச் சுற்றிப் படர்ந்திருந்த பகுதியைத் தொடவில்லை. தொட்டிருக்கவும் கூடாது. ஹார்மோன் குறைந்தது, இயல்பு நிலைக்கு வரவில்லை. மாதம் ஒரு ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டால் அடங்கியிருந்தது. அந்த ஊசியின் விலையை வைத்துப் பார்த்தால், பட்டறை வருமானத்தில் ஆயுள் முழுக்கப் போட முடியாது. கதிர்வீச்சுப் பேச்சு வந்தது அதனால்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மருந்து கட்டுப்படியாகாதது நம் ஊரில் பல குடும்பங்களுக்கு உண்மையான காரணம். அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் அவரும் அதற்கேற்ற வழியைச் சொல்ல முடியும்.

ஒரே நாளில் முடிகிற காமா நைஃப் பற்றியும் கேட்டோம். ஒரே தடவையில் பெரிய அளவு கதிரைக் குறி வைத்துக் கொடுப்பது அது. அதற்கு, கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் நடுவில் சில மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். பார்வை நரம்பு ஒரே தவணையில் ஏறக்குறைய 8 முதல் 10 கிரே (கதிரை அளக்கும் அலகு) வரைதான் தாங்கும். இவருக்கு அந்த இடைவெளி இல்லை. அதனால் ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும். காமா நைஃப் புதிது, அதனால் அதுதான் நல்லது என்று தேடி அலைகிறவர்களைப் பார்க்கிறேன். கட்டி இருக்கும் இடமும் அளவும்தான் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

சிகிச்சை நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முகத்துக்கு அச்செடுத்த வலை போன்ற ஒரு மாஸ்க்கை மேசையோடு பிணைத்துவிடுவார்கள், தலை அசையக் கூடாது. உள்ளே போய் வெளியே வரக் கால் மணி நேரம். வலி கிடையாது. கதிர் நுழையும் இடத்தில், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் திட்டாக முடி கொட்டியது, சில மாதத்தில் முளைத்துவிட்டது. அசதி மட்டும் சிகிச்சை முடிந்தும் சில வாரம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பொறுமை தேவைப்பட்டது. கதிர்வீச்சு கட்டியின் வளர்ச்சியை நிறுத்துவதில் மிக நன்றாக வேலை செய்கிறது. பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டி வளராமல் இருக்கிறது. ஹார்மோன் அடங்குவது வேறு கதை. வளர்ச்சி ஹார்மோன் முதல் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதன்பின் வருடா வருடம் மெல்ல இறங்கும். முதலில் எவ்வளவு அதிகமாக இருந்ததோ அவ்வளவு காலம் பிடிக்கும். அதுவரைக்கும் ஊசி போட்டாக வேண்டும். கரண்ட் வைத்தாயிற்றே, ஊசி எதற்கு என்று பாதியில் விட்டுவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஹார்மோன் ஏறிக்கிடந்த அந்த நாட்களில் இதயமும் மூட்டுகளும் கெட்டன. வருடத்துக்கு ஒரு முறை மருத்துவர் சொல்லி ஊசியைச் சில மாதம் நிறுத்திவைத்து ஐஜிஎஃப்-1 பார்ப்போம். ஊசியின் வேலை எவ்வளவு, கதிரின் வேலை எவ்வளவு என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. 2014இல் ஊசி இல்லாமலேயே இயல்பான எண் வந்தது. அன்றைக்கு என் மாமியார் பழனிக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றப் புறப்பட்டுவிட்டார்.

கட்டியை அடக்கிய அதே கதிர், பக்கத்தில் இருக்கும் நல்ல சுரப்பியையும் தொட்டிருக்கிறது. அதன் விளைவும் அதே வேகத்தில், மெல்லத்தான் வரும். பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு பிட்யூட்டரி ஹார்மோன் குறைகிறது, வருடம் கூடக் கூட அந்த எண்ணிக்கையும் கூடும். பெரும்பாலும் ஒரு வரிசை உண்டு. முதலில் வளர்ச்சி ஹார்மோன், அப்புறம் பாலியல் ஹார்மோன்கள், கடைசியில் அட்ரினலையும் தைராய்டையும் இயக்குபவை. வரிசை மாறியும் வரலாம்.

இவருக்கு 2011இல் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது. முகச்சவரம் வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்றானது. எரிச்சல், தூக்கம், எதிலும் நாட்டமில்லாமை. கணவன் மனைவிக்கு நடுவில் ஏற்பட்ட விலகலை நாங்கள் இருவரும் யாரிடமும் பேசவில்லை, பேசுகிற வழக்கமும் நம் வீடுகளில் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து ஹார்மோன் மருத்துவரே விஷயத்தை எடுத்தார். டெஸ்டோஸ்டீரோன் ஊசி தொடங்கிய சில மாதத்தில் பழைய மனிதர் திரும்பி வந்தார். ரத்தசோகை மாதிரி இருந்த வெளுப்பும் சரியானது. இதை இங்கே எழுதக் காரணம், இந்த ஒரு குறைபாட்டைத்தான் வயதாகிவிட்டது, வேலைப்பளு, மனஸ்தாபம் என்று வேறு பெயர் சொல்லி அதிகமாக மூடிவிடுகிறோம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் இதே காரணத்தால் இருக்கலாம், அதையும் சீக்கிரம் நின்றுவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

குழந்தை இன்னும் பெற்றுக்கொள்ளாதவர்கள் கதிர்வீச்சுக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். ஆண்கள் விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றிக் கேட்கலாம். பிட்யூட்டரி உத்தரவு நின்றாலும் விதைப்பையும் சினைப்பையும் கெடுவதில்லை. அந்த உத்தரவை ஊசியாகக் கொடுத்துக் கருத்தரிக்க வைக்க வழி உண்டு. டெஸ்டோஸ்டீரோன் ஊசி மட்டும் போட்டால் விந்து உற்பத்தி குறையும். எனவே குழந்தை வேண்டும் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி 2016. அந்த வருடம் அவருக்குச் சர்க்கரை குறைய ஆரம்பித்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாத்திரை பாதியானது, பிபி மாத்திரையும் குறைந்தது, எடை இறங்கியது. நடைப்பயிற்சியின் பலன் என்று பாராட்டினார்கள். காலையில் பல் தேய்க்கும்போது குமட்டல், மதியம் பட்டறையிலேயே படுத்துவிடுவது, எழுந்து நின்றால் தலைசுற்றல். இவையெல்லாம் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்கேன் நன்றாக இருந்ததால் ஹார்மோன் மருத்துவரைப் பார்ப்பதில் இடைவெளி விழுந்திருந்தது. அப்புறம் ஒரு வைரஸ் காய்ச்சல், கூடவே வாந்தி. உள்ளூரில் சேர்த்தோம். சோடியம் குறைவு என்றார்கள், டிரிப் ஏற்றினார்கள், பிபி ஏறவே இல்லை. கூப்பிட்டால் கண் திறந்து மூடினார். நான் கதிர்வீச்சுக் கோப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பணியில் இருந்த இளம் மருத்துவரிடம் காட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் படித்தவுடன், ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியை நரம்பில் போட்டார். சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அட்ரினல் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் 2 மைக்ரோகிராமுக்கும் கீழே என்று முடிவு வந்தது. அவ்வளவு உடம்பு முடியாத நேரத்தில் அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும்.

கார்டிசோல் இல்லாமல் உடம்பால் காய்ச்சலையும் வாந்தியையும் தாங்க முடியாது. சர்க்கரை குறைந்ததும் பிபி குறைந்ததும் எடை இறங்கியதும் அதே குறைபாட்டின் அடையாளங்கள். கதிர்வீச்சு பெற்ற ஒருவருக்குச் சர்க்கரை நோய் காரணமில்லாமல் நன்றாகிவிட்டால், அந்த வாரமே காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்துக் கார்டிசோல் பார்த்துவிடுங்கள். 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15க்கு மேல் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் வந்தால் ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் சோதனை தேவைப்படும். மாலையில் எடுத்த கார்டிசோலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அந்த நேரத்தில் எல்லோருக்கும் அது குறைவாகத்தான் இருக்கும்.

தைராய்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுவாக டிஎஸ்எச் மட்டும் பார்த்து தைராய்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள். ஆனால் டிஎஸ்எச் என்பதே பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். பிட்யூட்டரியே களைத்துப்போனால் அந்த எண் இயல்பாகவே காட்டும், உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கும். இவருக்கு அப்படித்தான் இருந்தது. தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4 பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிறகு ஒரு மருத்துவர், டிஎஸ்எச் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்று மாத்திரையைப் பாதியாக்கப் பார்த்தார். இது பிட்யூட்டரியால் வந்த குறைபாடு, ஃப்ரீ டி4 பார்த்துத்தான் அளவு மாற்றுவார்கள் என்று கோப்பைக் காட்டிச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். இன்னொன்று: கார்டிசோலும் தைராய்டும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் கார்டிசோலுக்கு ஈடான ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்டிசோலும் வேகமாகக் கரைந்து ஆபத்தாகிவிடும்.

இப்போது அவர் காலை எழுந்தவுடன் 10, மதியம் 5 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் எடுக்கிறார். ஸ்டீராய்டு என்றதும் உறவினர்கள் பயமுறுத்துவார்கள், எலும்பு போய்விடும், முகம் வீங்கிவிடும் என்பார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவைத்தான் கொடுக்கிறோம். காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, கடுமையான காய்ச்சல் என்றால் மூன்று மடங்கு, சரியானதும் பழைய அளவு. மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டால் 100 மில்லிகிராம் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இந்த அளவுகளை உங்கள் மருத்துவரிடம் உங்களுக்காக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட நர்ஸ் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "கை நடுங்குதா, பரவாயில்ல அக்கா, தொடைதான, தாராளமா குத்துங்க" என்பார். மருந்துப் புட்டி, அதில் கலக்கும் தண்ணீர், சிரிஞ்சு மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. காலாவதித் தேதியை அவ்வப்போது பார்க்கிறேன். சட்டைப்பையில் லேமினேட் செய்த அட்டை, தமிழிலும் ஆங்கிலத்திலும்: இவருக்குப் பிட்யூட்டரி குறைபாடு, அவசரத்தில் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் உடனே போடவும்.

ஏகாதசி விரதம் இருந்தாலும் காலை மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுவிடுவார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதை அவர் விடவில்லை. நீண்ட தூரம் நடக்கும் நாளுக்கு எவ்வளவு கூட்டிக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டு வைத்திருக்கிறோம். பல் பிடுங்கினாலும் சொல்லிவிட வேண்டும். அக்ரோமெகலிக்காரர்களுக்குக் குடல் பரிசோதனை அவசியம். அதற்கு முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தில் நிறைய நீர் போகும். அன்றைக்கும் கூடுதல் ஸ்டீராய்டு தேவை.

மற்ற ஆபத்துகளையும் நேராகச் சொல்கிறேன், மறைத்தால் நம்பிக்கை கெடும். நவீன முறையில் பார்வை நரம்பு பாதிக்கப்படுவது நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு. ஆனால் வருடா வருடம் பார்வைப் புலச் சோதனை எடுக்கிறோம். பக்கவாதம் பிட்யூட்டரிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பொதுமக்களைவிட அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதிர் மட்டும் காரணமா, பழைய ஹார்மோன் மிகுதியும் பிபியும் சர்க்கரையும் சேர்ந்த காரணமா என்று பிரிப்பது கடினம். எதுவாக இருந்தாலும் பிபியையும் கொலஸ்ட்ராலையும் கட்டுக்குள் வைப்பது நம் கையில் இருக்கிறது. அவர் புகைப்பதை 2008இலேயே விட்டார். மூளையில் வேறொரு கட்டி புதிதாக வருமா என்ற கேள்விக்கு, 3,679 பேரைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஒரு ஆய்வு பதில் தருகிறது. 20 வருடத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு வந்திருக்கிறது, பெறாதவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு. இரண்டு மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். நூறு பேரில் 96 பேருக்கு வரவில்லை என்பதும் அதே எண்தான். வயது குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அதிகம் முக்கியம், அவர்கள் முன்னால் நிறைய வருடங்கள் இருக்கின்றன. கட்டி அமைதியாக இருந்தால் கதிரைத் தள்ளிப்போட்டு ஸ்கேனில் கவனித்துவரலாமா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

மறதி கொஞ்சம் இருக்கிறது. கதிராலா, வயதாலா, ஹார்மோனாலா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பட்டறைக் கணக்கை இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள்.

எங்கள் நிலைமையில் கதிர்வீச்சு சரியான முடிவுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த ஊசியைப் பதினைந்து வருடம் வாங்கியிருக்கவே முடியாது. வளர்ச்சி ஹார்மோன் அப்படியே மிகுந்து கிடந்திருந்தால் இதயம் தாங்கியிருக்காது. இப்போது போடும் மாத்திரைகள் மலிவானவை, எந்த ஊர்க் கடையிலும் சொல்லிவைத்து வாங்கலாம். கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, முடிவெடுக்கும் நாளிலேயே ஒரு ஹார்மோன் மருத்துவரையும் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அறுவை சிகிச்சை செய்தவர் ஸ்கேன் பார்ப்பார், கதிர்வீச்சு கொடுத்தவர் கட்டியைப் பார்ப்பார். கார்டிசோல், ஃப்ரீ டி4, பாலியல் ஹார்மோன், ஐஜிஎஃப்-1, சோடியம் ஆகியவற்றைப் பார்க்க ஒருவர் வேண்டும். முதலில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் நிறுத்தக் கூடாது, பதினைந்தாவது வருடத்திலும் குறைபாடு தொடங்கலாம்.

கதிர்வீச்சு முடிந்த வாரமே அந்தச் சிகிச்சையின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, எந்த இயந்திரம், பார்வை நரம்புக்கு எவ்வளவு போனது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். என்றாவது கட்டி மறுபடி வளர்ந்தால், இரண்டாவது முறை கதிர் கொடுக்க முடியுமா என்று அந்தத் தாளை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். பல வருடம் கழித்துக் கேட்டால் ஆஸ்பத்திரியில் பழைய கோப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்களுடைய அசல் பீரோவில் இருக்கிறது, நகல் பட்டறையில், போட்டோ எங்கள் மூன்று பேர் போனிலும்.